பத்துக் கேள்வியும் மூன்றாவது ஆளும்

வெண்டலின் செல்போன், அவர் ராஸ்கோவுக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்றது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் யானைச் சின்னக் கட்சியின் மேயர் வேட்பாளரே வெண்டல்தான்!

"பத்துக் கேள்விக்கும் பதில் தட்டினது உன் விரல்தானே?" என்றாள் மனைவி நேடின். பனி அள்ளுவது, நூலகம், குப்பை என்று கேட்டு, கட்சியைப் பார்க்காமல் பொருத்தமான வேட்பாளரைக் காட்டும் புதுச் செயலி அது. ஊரே தட்டிக்கொண்டிருந்தது.

"ராஸ்கோ ஸ்கூல் பஸ் ஓட்டுறவன். அவனுக்குக் கட்சியே கிடையாது!"

"அதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

வெண்டலும் கழுதைச் சின்னக் கட்சி லைலும் இருபது வருடமாக மாறி மாறி உட்கார்ந்த மேயர் நாற்காலி அது. தன் கட்சியின் கொள்கை நோட்டீஸைப் பார்த்தே மறுபடி பதில் சொன்னார். இந்தத் தடவை செயலி லைலைக் காட்டியது.

லைலின் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனார். கதவைத் திறந்த லைலின் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு உன்னைக் காட்டுதுய்யா, வெண்டல்!"

"எனக்கு உன்னை! அப்போ நம்ம ஆளுங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்? மாத்திப் போடச் சொல்லுவோம். என் ஆளுங்க உனக்கு, உன் ஆளுங்க எனக்கு. நாமளும் அப்படியே. ராஸ்கோ காலி!"

இருவரும் பூசணிக்காய் இனிப்பு தின்று, கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் யானைக் கட்சிக்காரர்களின் வீட்டுப் புல்வெளியில் லைலின் தேர்தல் பலகை நின்றது. கழுதைக் கட்சிக்காரர்களின் புல்வெளியில் வெண்டலின் பலகை.

"எங்க அப்பா காலத்துலேர்ந்து யானைக்குப் போட்ட கை இது! அந்த லைலுக்கா போடச் சொல்றே?" என்று கத்திய ஒருவர், பலகையைப் பிடுங்கி வெண்டலின் கையிலேயே கொடுத்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ராஸ்கோவின் பலகைதான்.

தேர்தல் முடிவை ஊர்மன்ற எழுத்தர் ஆர்லீன் வாசித்தாள். ராஸ்கோ அறுநூற்றுப் பன்னிரண்டு. வெண்டல் ஒன்று. லைல் ஒன்று.

வெண்டல் மனைவி பக்கம் திரும்பினார். "நீயாவது எனக்குப் போட்டியே, நேடின்."

"நானா? நான் ராஸ்கோவுக்கு."

லைல் தொப்பியைக் கழற்றினார். "அது என் ஓட்டு, வெண்டல்."

"உனக்கு விழுந்தது என்னோடது," என்றார் வெண்டல், தரையைப் பார்த்தபடி.

ஆர்லீன் பெட்டியைப் பூட்டினாள். "நீங்க ரெண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாத்தி இன்னிக்குத்தான் பாக்குறேன். முன்னாடியே இப்படி இருந்திருந்தா, ராஸ்கோ பாட்டுக்குப் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பான்!"