யாருக்கும் தெரியாத காசு

என் ஊட்டுக்காரர் மருதாசலத்தின் மூளையை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கும். அவ்வளவு வேகம். ஆட்டையாம்பட்டியில் நாலு தறி போட்டுத் துண்டு நெய்கிற மனுசன், ஒருநாள் இட்லித் தட்டு முன்னால் உட்கார்ந்து சபதம் போட்டார்.

"ஜோதி, இனி நம்ம பணம் ஆரு கண்ணுக்கும் தெரியாது."

"இப்பவும் என் கண்ணுக்குத் தெரியறதில்லைங்களே."

"அதில்ல புள்ளே. உங்கம்மா ஊட்டுக் காடு வித்த உன் பங்கு இருக்குதல்ல? அதைக் கம்ப்யூட்டர் காசாக்கிப் போட்டேன்."

சட்னிக் கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி விளைந்த காடு அது. அந்தப் பணத்தில்தான் மகள் ரஞ்சனியைக் காலேஜில் சேர்க்க இருந்தேன்.

"பயப்படாதே. ஆரு அனுப்பினாங்க, ஆருக்குப் போச்சு, எவ்வளவு, ஒண்ணும் தெரியாத காசு இது."

"கவர்மெண்டு உடுமாங்க?"

"உடாது. அதுதான் அதோட பெருமை! கம்ப்யூட்டர் காசு விக்கிற நம்ம நாட்டு ஆப்புல எல்லாம் இதைத் தூக்கிட்டான். வெளிநாட்டுலயும் சட்டம் போடறான். கவர்மெண்டே பயப்படுதுன்னா, சரக்கு எப்படிப்பட்டதுன்னு பாரு!"

எனக்கோ ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போதே விரல் வேர்த்துவிடும். இருந்தாலும் அவர் தைரியத்தை மெச்சினேன்.

அடுத்து அவர் செய்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தக் காசுக்குச் சாவி, இருபத்தைந்து இங்கிலீஷ் சொற்கள். வரிசை தப்பாமல் சொல்கிறவர் கையில் பணம். தாளில் எழுதினால் நான் பார்த்துவிடுவேன். போனில் வைத்தால் எவனாவது திருடுவான். ஆகவே இவர் செய்த காரியம் வேறு யாருக்குத் தோன்றும்? தறியில் டிசைன் விழவைக்கும் ஜக்கார்டு அட்டை அடித்து, அத்தனை சொற்களையும் துண்டின் பார்டரில் பூவேலை மாதிரி நெய்து, அந்தத் துண்டைப் பீரோவில் பூட்டிவிட்டார்!

ஒன்றை மறந்துவிட்டார். அட்டையைத் தறியிலிருந்து கழற்றவில்லை. எங்கள் தறியில் புது டிசைன் ஏறினால் அடுத்த துண்டு செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக் கடைக்குச் சாம்பிளாகப் போகும். தறி ஓட்டும் மாதையன் வழக்கம் தவறாதவர். தானாகவே நெய்தார், தானாகவே அனுப்பினார்.

என் ஊட்டுக்காரர் நூல் வாங்க ஈரோடு போயிருந்த அன்று கடைக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்கம்மா, அந்த இங்கிலீஷ் பார்டர் ஜோருங்க! வாசல்லயே தொங்க உட்டிருக்கேன். போறவன் வாறவனெல்லாம் போட்டோ புடிக்கறான். நூறு டஜன் போடச் சொல்லுங்க."

எனக்குத் தெரியாமல் எங்கள் ஊட்டில் ஒரு பார்டரா? போட்டோ அனுப்பச் சொன்னேன்.

"ரஞ்சனி, சாமி, இதென்னன்னு படி."

படித்தவள் தலையில் கை வைத்தாள். "அம்மா, எண்ணிப் பார்த்தா இருபத்தஞ்சு சொல்லு! இது அப்பாவோட காசுச் சாவிதான்! கடை வாசல்ல தொங்குது. ஆரு முந்தறாங்களோ அவங்களுக்குப் பணம்."

"அப்ப நாமளே முந்திக்கலாம் சாமி."

ரஞ்சனி போனை நாலு தட்டுத் தட்டினாள். காசு என் பேருக்கு வந்துவிட்டது. வந்த பிறகும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கவர்மெண்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற நினைப்புதான். விடிந்ததும் ஆடிட்டரிடம் ஓடி, உள்ளதை உள்ளபடி சொல்லி, கணக்கில் காட்டச் சொல்லிவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து வந்தவர் போனைத் திறந்தார். அலறினார்.

"போச்சு ஜோதி! எல்லாம் போச்சு!"

"ஆரு எடுத்தாங்க?"

"தெரியாது!"

"எங்க போச்சுங்க?"

"அதுவும் தெரியாது புள்ளே!"

"எப்பேர்ப்பட்ட காசுங்க! நீங்க சொன்ன குணமெல்லாம் அப்படியே இருக்குதே."

"குணமாவது மண்ணாவது! இந்த மாதிரிக் காசுக்கெல்லாம் கவர்மெண்டு ஒரு சட்டம் போட வேண்டாமா? என்னதான் பண்றாங்க அங்க உக்காந்துட்டு?"

பாவமாகத்தான் இருந்தது. ரஞ்சனி காலேஜில் சேர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். காசு இருக்கும் இடம் இப்போதைக்கு ரஞ்சனிக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியும், வருமான வரி ஆபீசுக்கும் தெரியும். தெரியாதவர் என் ஊட்டுக்காரர் ஒருவர்தான்.