நண்பன் மாதிரி அப்பாவும் இரண்டாவது பிரேக்கும்

'நண்பன் மாதிரி அப்பா' என்று ஓர் இனம் இருக்கிறது. உங்கள் தெருவிலும் நாலைந்து தேறும். மகனுக்கு மீசை அரும்பும்வரை இது சாதாரண அப்பாதான். அதட்டும், ரிமோட்டைப் பிடுங்கும். அரும்பியதும் ஒரு நாள் திடீரென்று அவன் தோளில் கையைப் போட்டு, "டேய், என்னை அப்பான்னு நினைக்காத, ஃப்ரெண்டா நினைச்சுக்கோ" என்கிறது. எந்த நண்பனாவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பையன் அப்போதே தோளை மெல்ல உருவிக்கொள்வான்.

நான் பக்கத்திலிருந்து பார்த்தது என் அக்காள் கணவரை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவருடைய காரில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக், அது போதாதென்று பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் இன்னொரு பிரேக். இருபத்திரண்டு வருடமாக ஊரிலுள்ள நடுங்கிகள் அத்தனை பேரையும் காப்பாற்றிய கால் அது. வீட்டில் டிவியில் கதாநாயகன் வண்டியை விரட்டினால்கூட இவர் சோபாவில் உட்கார்ந்து தரையை மிதிப்பார். அக்கா கண்டுகொள்வதில்லை.

அறிவுரை சொல்ல இந்த இனத்துக்கு ஓர் இடம் வேண்டும். முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது. பையன் எழுந்து போகவும் முடியக் கூடாது. ஓடுகிற காரைவிட வசதியானது எது? போன ஞாயிற்றுக்கிழமை, ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சாக்கில், பதினெட்டு வயது மகனை ஸ்டீரிங் முன்னால் உட்காரவைத்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

"மாப்ள, நீயும் வா. நீ இருந்தா அவன் மனசு விட்டுப் பேசுவான்."

தைரியம் யாருக்குத் தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

"இந்த வயசுல லவ்வு கிவ்வுன்னு வரும். தப்பே இல்ல" என்று ஆரம்பித்தார். தப்பே இல்லாத அந்தச் சமாசாரத்தால் மார்க் குறையும், தூக்கம் கெடும், போனில் சார்ஜ் நிற்காது, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பக்கத்து வீட்டு வக்கீல் மகன் பரீட்சையில் கோட்டைவிட்டதும் இதனால்தான், அந்த வக்கீலுக்கு ரத்த அழுத்தம் வந்ததும் இதனால்தான் என்று மூன்று தெரு நீளத்துக்கு அடுக்கிவிட்டு, "ஆனா நான் தடுக்கமாட்டேன், பாத்துக்கோ" என்று பெருந்தன்மையோடு முடித்தார்.

"அப்பா, எனக்கு ஒண்ணு..." என்றான் பையன்.

கார் குலுங்கி நின்றது. எதிரே ஒரு பூனைகூட இல்லை.

"ஏம்ப்பா பிரேக் போட்டீங்க?"

"பழக்க தோஷம்டா. நீ ஓட்டு. எதுவா இருந்தாலும் மனசு விட்டுக் கேளு."

ஓட்டினான். கேட்பதற்குள் இவர் சொந்தக் கதைக்குப் போய்விட்டார்.

"உங்கம்மாகிட்ட நான் எப்படிப் பேசினேன் தெரியுமா? நேரா போனேன். கண்ணைப் பாத்துச் சொன்னேன். ஆம்பளன்னா அப்படித்தான் இருக்கணும்."

நேராகப் போனவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அவர் சைக்கிளில் ஒரு ரவுண்டு ஓட்டத் தருவதாகச் சொன்னதால், நாலாக மடித்த கடிதத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் எல்லார் உடல்நலத்தையும் விசாரித்திருந்தார். காதலைப் பற்றி ஒரு வரி கிடையாது. கையெழுத்தும் இல்லை. யார் எழுதியது என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். இதைச் சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன்.

"அப்பா, அந்த லேப்ல..."

மறுபடி பிரேக். இந்த முறை என் மூக்கு முன் இருக்கையில் இடித்தது.

ஆனால் பையனும் தொழில் தெரிந்தவர் மகன்தானே? அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. பெரிய சாலையில் சிவப்பு விளக்கு விழுந்து, கார் முழுசாக நின்று, அதற்குமேல் மிதிக்க ஒன்றுமில்லை என்று ஆனபிறகு, ஒரே மூச்சில் சொன்னான்.

"அவ வேணாம்னு சொல்லிட்டாப்பா. தன்மையாத்தான் சொன்னா. நாளைக்கு லேப்ல ஒரே டேபிள். அவ பக்கத்துலதான் நிக்கணும். மூஞ்சிய எப்படிப்பா வெச்சுக்கறது?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

என் அக்காள் கணவரிடம் எத்தனையோ அறிவுரை இருந்தது. எல்லாம் காதல் வராமல் பார்த்துக்கொள்ள. அது வந்து, போயும் போய்விட்டவனுக்குச் சொல்ல அதில் ஒன்றுகூட இல்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவர் மகனைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"காலைல சரியா சாப்பிட்டியாடா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பையன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"அது வந்துடா... இப்போதைக்குப் படிப்புதான்..." என்று ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன். என் வலது கால் தரையை அழுந்த மிதித்துக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் பிரேக்கே கிடையாது.

பையன் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, அலுங்காமல் வீட்டுப் பக்கம் திருப்பினான். அதை மட்டும் அவன் அப்பா நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தார்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். உங்கள் வீட்டுப் பிள்ளை கடைசியாக, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று வந்ததே, அது என்ன கேட்டது? ஞாபகமில்லையா? அப்படியானால் கொஞ்சம் குனிந்து உங்கள் வலது காலைப் பாருங்கள்.