ஒன்பது ஊர், பதினான்கு நாள், ஒரு மாடிப்படி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் வலது முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் தங்களுடைய இரத்தக் கொதிப்பும் அதனதன் அளவில் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடியதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்பது தங்களுக்கே தெரியும். நாம் பேச ஆரம்பித்த மூன்றாவது நிமிடம் வீட்டம்மாக்கள் இருவரும் போனை வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். அதற்குப் பிறகு அது நமக்குத் திரும்பி வருவதில்லை.

விஷயம், நம் பிள்ளைகள் நம் நால்வருக்கும் ஏற்பாடு செய்யும் தென் ஐரோப்பியக் கோடைப் பயணம் பற்றியது. "எந்தெந்த ஊருன்னு நீங்களே முடிவு பண்ணுங்கப்பா, டிக்கெட்டை நாங்க போட்டுடறோம்" என்று என் மகனும் தங்கள் மகளும் சொன்ன அன்றே அட்டவணைப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பஸ் டிப்போவில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் வீட்டில் இருக்கும்போது பென்சிலை வேறு யார் கையில் கொடுப்பது. தாங்கள் பல் டாக்டர், தாங்கள் பிடுங்கும்போது நான் குறுக்கே வந்து இடுக்கியைப் பிடிப்பேனா.

அட்டவணையின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். லிஸ்பன், மாட்ரிட், பார்சிலோனா, நீஸ், மிலான், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம், ஏதென்ஸ் என்று ஒன்பது ஊர், பதினான்கு நாள். ஒவ்வொரு ஊருக்கும் இறங்கல், பார்த்தல், சாப்பிடல், படம் எடுத்தல், ஏறல் என்று ஐந்து கட்டம். தாங்கள் கேட்டிருந்த மதியத் தூக்கத்தைத் தினமும் ஏதாவது ஒரு ரயிலில் இரண்டு பத்திலிருந்து மூன்று முப்பத்தைந்துக்குள் முடித்துக் கொடுத்திருக்கிறேன். வெயில் ஏறுமுன் ஏதென்ஸ் குன்றின் மேல் ஏறி இறங்கிவிடுகிறோம். தாங்கள் பட்டியல் போட்டு அனுப்பிய இருபத்தாறு அருங்காட்சியகங்களில் இருபத்து மூன்றை வெளியிலிருந்து பார்க்கிறோம். இதில் ஒரே ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஃப்ளாரன்ஸில் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே நாற்பத்தொரு நிமிடம் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவோ மாற்றிப் பார்த்தும் அதை ஒழிக்க முடியவில்லை. என் பணிக்காலம் முழுவதும் ஒரு வண்டியையும் எட்டு நிமிடத்துக்கு மேல் நான் சும்மா நிற்க விட்டதில்லை என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

எந்தப் புதுத் தடத்தையும் வெள்ளோட்டம் விடாமல் நாங்கள் பயணிகளுக்குத் திறந்ததில்லை. ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இந்தப் பயணத்துக்கும் வீட்டிலேயே ஒரு வெள்ளோட்டம் விட்டேன். தோட்டத்துக் குழாயடி லிஸ்பன், சாமான் அறை மாட்ரிட், சமையலறை பார்சிலோனா, கூடம் நீஸ், படுக்கையறை மிலான், தண்ணீர் இருப்பதால் குளியலறை வெனிஸ். மாடிப்படி பாதியில் திரும்புகிற இடத்தில் ஜன்னலோரம் ஒரு சதுரம் இருக்கிறதே, அது ஃப்ளாரன்ஸ். மாடியில் குடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு வாசல் ரோம், மொட்டைமாடி ஏதென்ஸ். ஒரு நாளுக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு. எடை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு பெட்டியிலும் பழைய செய்தித்தாள்களை அடைத்தேன். டிப்போ விசில் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதையும் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

லிஸ்பனிலிருந்து வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. மாட்ரிட்டில் என் மனைவி ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த குடையைக் கண்டெடுத்ததில் இரண்டு நிமிடம் தாமதம். பார்சிலோனாவில் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது, அதைத் துடைத்துவிட்டுத்தான் வருவேன் என்று நின்றுவிட்டாள். பார்த்தல் கட்டத்திலிருந்து நான்கு நிமிடத்தை எடுத்து அதை ஈடுகட்டினேன். நீஸில் அவள் உட்காரப் போனாள், விசில் அடித்தேன். மிலானில் "இந்தப் போர்வையை மடிச்சு வெச்சுட்டு வரேனே" என்றாள், மறுபடியும் விசில் அடித்தேன். வெனிஸுக்குள் நான் முதலில் காலை வைத்தேன், தரை ஈரமாக இருந்தது, முழங்கால் அங்கேதான் போயிற்று. அப்படியும் அட்டவணையை விடவில்லை, நொண்டிக்கொண்டே பெட்டியுடன் படியேறினேன். "காலில வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி எதுக்கு இப்படிப் பறக்கறீங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பயணி முணுமுணுப்பது சகஜம்தான் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோமில் கண்ணாடிக் கடைக்காரரைக் குடியேற்ற அதிகாரியாக நிற்கச் சொல்லியிருந்தேன். ஒரே விசாவில் போவதால் அந்த இடத்தில் அதிகாரி யாரும் கேட்க மாட்டார், சும்மா ஒரு பழக்கத்துக்குத்தான் என்று விளக்கியும், "என் வீட்டு வாசல்ல நான் கேக்காம யார் கேக்கறது" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"ஊர் பாக்க."

"பாத்துட்டு?"

"அடுத்த ஊருக்குப் போக."

"அங்க போய்?"

"அதையும் பாத்துட்டு, அதுக்கு அடுத்த ஊருக்கு."

"அப்ப நீங்க ஊர் பாக்க வரலை சார், கிளம்பத்தான் வந்திருக்கீங்க" என்றார். 'நோக்கம் தெளிவில்லை' என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார். கடைசிவரை முத்திரை குத்தவில்லை. அவரோடு மல்லுக்கட்டினால் ஏதென்ஸ் போய்விடும் என்று சீட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

சம்பந்தி, ஏதென்ஸை நான் மூன்று நிமிடம் முன்னதாகவே அடைந்துவிட்டேன். மாட்ரிட் குடை, பார்சிலோனா பால், ரோம் அதிகாரி எல்லாவற்றையும் மீறி மூன்று நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். மொட்டைமாடியில் நானும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தோம். சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, எந்த ஊரில் அவள் என்னோடு இல்லாமல் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்து பார்த்தால் ஃப்ளாரன்ஸில் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இங்க நாற்பத்தோரு நிமிஷம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. இன்னும் முடியலையே" என்றாள்.

"அது அட்டவணையில ஒரு பிழைம்மா. வெள்ளோட்டத்துல அதெல்லாம் கிடையாது."

"மொத்த அட்டவணையிலயும் எனக்குப் பிடிச்சது அந்தப் பிழை ஒண்ணுதான்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஒன்பது ஊர் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நான் எடுத்துச் சொன்னேன். "நுனிப்புல் மேயற மாடுகூட ஒரு இடத்துல படுத்து அசை போடும். நீங்க போயிட்டு வாங்க, நான் வரலை" என்று எழுந்து போனவள், தன் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்றோடு ஐந்து நாளாகிறது. சாப்பாடு வேளைக்கு வருகிறது, பேச்சு வரவில்லை. அவள் வராவிட்டால் நான் மட்டும் எந்த ஊரை எதற்குப் பார்ப்பது என்பதை யோசித்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. இது நமக்குள் இருக்கட்டும்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, இணைத்துள்ள அட்டவணையில் ஒன்பது ஊருக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். அதில் ஓர் ஊரையும் குறைக்க வழியில்லை, ஓர் ஆணியைப் பிடுங்கினால் கட்டிலே சரிந்துவிடும். இரண்டாவது, சம்பந்தியம்மாள் சொன்னால் என் மனைவி கேட்பாள். நயமாக எடுத்துச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். நான் சொல்லச் சொன்னதாகத் தெரிய வேண்டாம். அப்படியே தங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கவும், குளியலறையில் மட்டும் நிதானம்.

சம்பந்தியம்மாளுக்கு என் பணிவான வணக்கங்கள். பிள்ளைகள் பேசினால் எங்கள் ஆசிகளைச் சொல்லவும், முழங்காலைச் சொல்ல வேண்டாம்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
சம்பந்தி

பி.கு.: மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்துவிடவும். கடிதத்தை உறையில் போட்டு, தபால் பெட்டிக்குப் போகலாம் என்று மாடிப்படிப் பக்கம் வந்தேன். ஜன்னலோரம் அவள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளும் இந்த நேரத்துக்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முழங்கால் வலித்ததால் நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். எதிர் வீட்டுக்காரர் தன் சைக்கிளைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "அவருக்கு அது போதும்" என்றாள். இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது, நாங்கள் இருவரும் சேர்ந்து இந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புதிய அட்டவணை இது: ஃப்ளாரன்ஸ், பதினான்கு நாள், சும்மா. தங்கள் தூக்கம் இரண்டிலிருந்து நான்கு வரை, கட்டிலில். வேறு ஊர் பார்க்க ஆசையிருந்தால் ரயில் நேரம் எல்லாம் என்னிடம் இருக்கிறது, ஆனால் தாங்களாகக் கேட்டால்தான் சொல்வேன். இந்தப் பின்குறிப்பை அந்தப் படியிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இங்கே காற்று நன்றாக வருகிறது, காகிதம் பறந்துகொண்டே இருந்தது. அவள் எழுந்து போய்த் தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்திருக்கிறாள்.