சோளப்பாணி இல்லாத நெல்லிரசம்

"அண்ணை, உதிலை சோளப்பாணி இருக்கோ?"

காலையிலிருந்து இது ஏழாவது ஆள். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் சிறிய அளவில் நெல்லிரசம் என்ற நெல்லிக்காய்ப் பானம் காய்ச்சி விற்கும் சிவரூபன் பொறுமையாகச் சொன்னான்.

"இல்லைத் தம்பி. ஒரு துளியும் இல்லை. அசல் சீனி."

வந்தவன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெல்ல மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

சீனி விலை ஏறியபோது கொழும்பிலிருந்து முகவர் ஒருவர் வந்து, சோளத்தில் எடுத்த இனிப்புப் பாணியைக் கலனோடு காட்டினார். சீனியிலும் மலிவு. சிவரூபன் வாங்கத்தான் இருந்தான். அந்தக் கிழமை பார்த்து அவன் மனைவி ஆரணியின் தமையனுக்கு ஈரலில் கொழுப்பு என்றார்கள். கண்ட கண்ட போத்தல் பானங்களையும் அதில் ஊற்றுகிற பாணியையும் நிறுத்தச் சொன்னார் மருத்துவர்.

"சின்னப் பிள்ளையள் குடிக்கிற சாமான். எனக்கு உது வேண்டாம்" என்று முகவரை அனுப்பிவிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். 'சோளப்பாணி சேர்க்கப்படவில்லை' என்று லேபிளிலும் அடித்தான். அதுவரை அந்தச் சொல்லையே ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

"அப்ப முந்தி போட்டனீரோ?" என்றார் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஆழ்வாப்பிள்ளை.

சிவரூபன் லேபிளை மாற்றினான்: 'ஒருபோதும் சேர்க்கப்படவில்லை.'

அடுத்த நாள் உடுவிலிலிருந்து சோளம் பயிரிடும் சீவரத்தினம் வந்து நின்றார். "என்ரை சோளத்திலை என்ன பிழை கண்டனீர்? கோயிலடியிலை ஒரு பொத்தி விக்கேல்லை."

அவரைச் சமாதானப்படுத்த இரண்டு சாக்குச் சோளம் வாங்க வேண்டியதாயிற்று. லேபிளில் இன்னொரு வரியும் சேர்ந்தது: 'சோளம் உடம்புக்கு நல்லது.'

போத்தல் கழுவும் றொசாந்தி புது லேபிளை வடிவாகப் பார்த்தாள். "அண்ணை, நெல்லிக்காய்ப் படம் எங்கை?"

"இடம் காணாது."

சாவகச்சேரிக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். சிவரூபன் வாசலில் பெரிய பலகை மாட்டினான். பஸ்ஸில் போனவர்களும் எட்டிப் பார்த்து வாசித்தார்கள். கடைசியில், அடுப்பையே தெருவோரம் கொண்டுவந்து வைத்து, எல்லோர் கண்முன்னாலும் சீனி மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் காய்ச்சினான். சனம் கூடிநின்று பார்த்தது. ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியது. பிறகு கலைந்து போனது. ஒரு போத்தல்கூட விலைபோகவில்லை.

வெறும் வீதியைப் பார்த்தபடி சிவரூபன் அகப்பையோடு நின்றான். வாற கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்று றொசாந்திக்கு எப்படிச் சொல்வது? மூன்று பிள்ளைகளோடு தனியே இருப்பவள்.

"உள்ளை வாங்கோப்பா" என்றாள் ஆரணி. "வேர்த்துக் கொட்டுது."

"நான் என்ன பொய்யே சொன்னனான், ஆரணி? கண்ணுக்கு முன்னாலை காட்டியும் சனம் நம்புதில்லையே."

கழுவிக்கொண்டிருந்த போத்தலைக் கீழே வைத்தாள் றொசாந்தி.

"நம்பினபடியாத்தான் அண்ணை வாங்காமல் போகுதுகள். கனடாவிலையிருந்து வாற உசத்திச் சாமான் எல்லாத்துக்கும் உந்தப் பாணிதானாம் போடுறது, அது போட்ட நெல்லிரசம் எங்கை எடுக்கலாமெண்டு ஊரே என்னட்டைக் கேக்குது."