மருதமரத்தில் மாட்டிய வெள்ள ஒத்திகை

வெள்ளத்தில் அகப்பட்டவர்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். துளி நீரும் இல்லாத வெள்ளத்தில் அகப்பட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது கொழும்பு ஆலோசனை நிறுவனம் ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை. வெள்ள அபாயத்தைக் குறைக்கத் திணைக்களங்களுக்கு யோசனை சொல்வது நிறுவனத்தின் பொறுப்பு. அந்த யோசனைகளைக் கேட்க வருபவர்களுக்குக் கதிரை அடுக்குவது என் பொறுப்பு. ஒட்டுசுட்டானுக்கு அப்பால், ஒரு குளத்தின் கீழிருந்த கிராமத்தில் வெள்ள ஒத்திகை நடத்துவதென்று முடிவானது. மாதம் ஆவணி. (மாரியில் வைத்தால் அதிகாரிகளின் வாகனங்கள் புதைந்துவிடுமாம்!)

மரத்தில் சிக்கிய ஒருவரைப் படகில் வந்து மீட்பதுதான் உச்சக் காட்சி. "யார் மரமேறுவது?" என்று தலைமை ஆலோசகர் கேட்டதும், "நான் ஏறுறன் சேர்" என்று கையைத் தூக்கினேன். வேலை நிரந்தரமாக வேண்டுமென்ற ஆசை ஒரு காரணம். ஒலிவாங்கியோடு நின்ற மாதர் சங்கச் செயலாளர் சாந்தினி மற்றக் காரணம்.

வாய்க்கால் ஓரத்து மருதமரத்தில் ஏணி வைத்து ஏறினேன். ஏறியதுமே ஆலோசகர் ஏணியை எடுப்பித்துவிட்டார். "வெள்ளத்துல ஏணி எப்படி வரும்?"

முல்லைத்தீவிலிருந்து லொறியில் வந்த படகைக் காய்ந்த வயல் வழியே ஊரார் இழுத்து வந்தார்கள். உள்ளே நிவாரணச் சோற்றுப் பார்சல்கள். அவற்றின் நடுவே அனர்த்த அதிகாரி இருந்து, மிகுந்த சிரத்தையோடு காற்றில் துடுப்பு வலித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பற்றைக்குள்ளிருந்து ஒரு யானை தலையை நீட்டியது. மேலே இருந்த எனக்கு மட்டுமே அது தெரிந்தது.

"ஆனை! ஐயோ, ஆனை!"

ஒலிபெருக்கியில் சாந்தினி திருத்தினாள். "தம்பி, ஆனை எண்டு சொல்லாதேங்கோ. வெள்ளம் எண்டு கத்துங்கோ."

(தம்பியாம்! அவளைவிட நான் மூத்தவன்.)

"உண்மையா ஆனை நிக்குது! காப்பாத்துங்கோ!"

"நல்லா நடிக்கிறார். எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்கோ."

தட்டினார்கள். அந்தச் சத்தம் யானைக்குப் பிடிக்கவில்லை. அது பிளிறிய பிளிறலில் ஊர், அதிகாரிகள், துடுப்பு எல்லாம் பக்கத்துப் பாடசாலைக்குள் போய் விழுந்தன. மரத்தில் நான், கீழே படகும் யானையும்.

ஆலோசகருக்குத் தொலைபேசி எடுத்தேன். "நீங்க உயரமான, பாதுகாப்பான இடத்துலதான் இருக்கீங்க. பதறாதீங்க" என்றார். பின்னால் அதிகாரிகள் வாதாடுவது கேட்டது.

"வெள்ளத்திலை மாட்டின ஆளெண்டா நான் பொறுப்பு. இது ஆனையிலை மாட்டின ஆள்" என்றார் அனர்த்த அதிகாரி.

"வாய்க்கால் மட்டும்தான் எங்கட. மரம் எங்கட இல்லை" என்றார் நீர்ப்பாசன அதிகாரி.

யானை சோற்றுப் பார்சல்களை வாழையிலையோடு தின்று முடித்தது. படகில் ஒரு காலை வைத்துப் பார்த்தது. படகு இரண்டானது. பிறகு, ஒத்திகை முடிந்ததென்று தானே தீர்மானித்ததுபோல், காட்டுக்குள் போய்விட்டது.

அதன் பிறகும் வந்தது அதிகாரிகள் அல்ல. உழவு இயந்திரமும் அதன் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியுமாக அந்த ஊர் விவசாயி ரஷீத் நானா வந்தார். பெட்டியில் சாந்தினி நின்றாள். மரத்தடியில் நிறுத்திய பெட்டிக்குள் குதித்தேன். காற்சட்டையின் பின்பக்கம் கிளையிலேயே தங்கிவிட்டது. சாந்தினி முகத்தை மறுபக்கம் திருப்பியபடி ஒரு பதாகையை நீட்டினாள். அதைச் சுற்றிக்கொண்டு பாடசாலைக்குள் போனேன். முன்பக்கம் 'வெள்ளம் வருமுன்', பின்பக்கம் 'ஆயத்தமாவோம்'. இம்முறை யாரும் சொல்லாமலே கை தட்டினார்கள்.

மக்கள் மிக வேகமாக வெளியேறியதால் ஒத்திகை முழு வெற்றியென்று ஆலோசகர் அறிக்கை எழுதினார். என் வேலை நிரந்தரமாகவில்லை. ஆனால் சாந்தினி எங்கள் வீடு தேடி வந்தாள்.

"அண்டைக்கு உண்மையைக் கத்தின ஒரே ஆள் நீங்கள்தான். நான் கை தட்ட வைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவள் 'தம்பி' என்று சொல்லாததைக் கவனித்தேன். அந்தக் கதை நீண்டு, கலியாணத்தில் முடிந்தது.

இப்போதும் ஓடு மாற்றவோ மாங்காய் பிடுங்கவோ நான் ஏணியைச் சாத்தினால், குசினிக்குள்ளிருந்து அவள் குரல் வரும்:

"ஏறுறதுக்கு முன்னம், இறக்கிறது எந்தத் திணைக்களம் எண்டு கேட்டுப்போட்டு ஏறுங்கோ!"