பச்சை வடையும் மடத்துக்குளத்தார் நனைத்த கையும்

அனுப்பர்பாளையம்,
சித்திரை மாதம், புதன்கிழமை.

பொங்கலூரில் தோட்டமும் கிணறுமாக வீற்றிருக்கும் பெரிய மச்சான் நாச்சிமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை மைதிலியைக் கட்டிய பெருமையைத் தவிர வேறு பெருமை ஏதும் சேர்க்காத சுப்பையன் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, மகள் வர்ஷினி, கம்பெனியில் ஓடுகிற தையல் மெஷின்கள், ஆர்டர் இல்லாமல் நிற்கிற தையல் மெஷின்கள் அனைவரும் நலம். அங்கே தங்கள் நலமும், அக்காவின் முழங்கால் நலமும், புதிதாய்ப் போட்ட போர்வெல்லின் நலமும் அறிய ஆவல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தபடி பேசுகிறவர். எனக்கு மூலத் தொந்தரவு என்று போன மாதம் நான் ரகசியமாகச் சொன்னதற்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் துத்தி இலை கொடுத்தனுப்பினார். ஆகையால் தங்கள் காய் வண்டியை ஓட்டி வந்த மூக்கையா கையிலேயே இதைக் கொடுத்து விடுகிறேன். சங்கதி இதுதான்: தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். மடத்துக்குளத்தார் நம்ம ஊட்டில் கை நனைத்தாரா, நனைக்கவில்லையா?

நம்ம வர்ஷினி தை மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாள். மாசியில் வீகன் ஆனாள். பால், தயிர், நெய் எல்லாம் போச்சு, தங்கள் எருமைக்கும் எங்களுக்கும் இருந்த உறவு அறுந்தது. பங்குனியில் ரா வீகன் ஆனாள்; அடுப்பும் போச்சு. எல்லாம் பச்சையாகத்தான். அவளுக்கும் மடத்துக்குளத்துப் பையன் நித்தீஷுக்கும் முன்னமே பேசிப் பழகி மனசு ஒத்துப்போனது தங்களுக்குத் தெரியும். உனக்காகப் பிரியாணியையே விட்டுட்டேன்னு பையன் சொல்றானாம். நானும் கல்யாணத்துக்கு முன்னால தங்கள் தங்கச்சிகிட்ட சிகரெட்டை விட்டுட்டேன்னு சொன்னவன்தான், அதனால நான் எதுவும் பேசிக்கலை. பாக்கி இருந்தது பையனோட அப்பா மடத்துக்குளத்தார் ஒருத்தர்தான். பெரிய தென்னந்தோப்புக்காரர். இதுவரைக்கும் பொண்ணு பார்க்கப் போன ஒரு ஊட்டுலயும் அவர் வாயைத் திறந்ததில்லை. பேசறதுக்கும் சரி, திங்கறதுக்கும் சரி. சம்பந்தம் முடிவாகாம பொண்ணு ஊட்டுல கை நனைக்கிறதில்லைங்கிறதுல அத்தனை கறார். காப்பி கணக்கில்லை, வாழைப்பழம் கணக்கில்லை, அடுப்புல வெந்தது ஒரு வாய் உள்ள போச்சுன்னா சம்பந்தம் முடிஞ்சுது. நம்ம பக்கத்து வழக்கம்தானுங்களே. தாங்களே அன்னைக்கு மாப்பிள்ளை பார்க்க எங்க ஊட்டுக்கு வந்து, முந்திரி முழிச்சுப் பார்த்த கேசரியைத் தாங்களும் முழிச்சுப் பார்த்துட்டு வெறுங்காப்பியோட எந்திரிச்சவருதானுங்களே.

இந்த வழக்கத்துல ஒரு ஓட்டை இருக்குன்னு வர்ஷினிதான் கண்டுபிடிச்சா. "ஏனுங்கப்பா, அடுப்புல வெச்சதுதானே கணக்கு? நான் பண்றது அடுப்பையே பார்க்காதே. அவரு தைரியமா சாப்பிடலாமே. சாப்பிட்டா ருசி தெரியும், ருசி தெரிஞ்சா என்னையும் தெரியும்ல?" அப்படின்னா. எனக்கு சரியாத்தான் பட்டுச்சு. எனக்கு எது சரியாப் பட்டாலும் அது எங்க போய் முடியும்கிறது தங்களுக்குத் தெரியும்.

தாங்கள் அனுப்பின சுரைக்காய், பீட்ரூட், கேரட், வெள்ளரி, மாங்காய் அத்தனையும் துருவியாச்சு. துருவினது பூராவும் நான்தான், முதலாளின்னு பேரு. அதைக் கம்பெனியில மிச்சம் கிடந்த இன்டர்லாக் பனியன் துணியில கட்டிப் பிழிஞ்சோம். முளைகட்டின பச்சைப்பயறும் ஊறவெச்ச நிலக்கடலையும் அரைச்சு, சின்ன வெங்காயம், கொத்தமல்லி, ஆளிவிதைப் பொடி, உப்பு போட்டுப் பிசைஞ்சா. வடையாத் தட்டினா ஒண்ணு இலங்கை மாதிரி வருது, ஒண்ணு ஆப்பிரிக்கா மாதிரி வருது. "எல்லாம் ஒரே சைஸா வேணும்ப்பா, அவங்க பார்க்கிறப்ப நீட்டா இருக்கணும்"னா. துணியை வட்டமா வெட்டி எடை பார்க்கிற ஜிஎஸ்எம் கட்டர் இருக்குதுங்களே, அதைக் கம்பெனியில இருந்து கொண்டுவந்து, வெந்நீர்ல கழுவி, வெட்டிக் கொடுத்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. ஆர்டர் கொடுக்கிற எந்த பையரும் இதுவரைக்கும் என் சரக்கை ஒரே தடவையில பாஸ் பண்ணினதில்லைங்க மச்சான். இது பாஸ் ஆச்சு. ஆனா பீட்ரூட் சாயம் வடையில நிக்கலை, என் கையில ஒட்டிக்கிச்சு. உள்ளங்கை இன்னும் ரோஸ் கலர்லதான் இருக்குது, பேங்க்ல கைநாட்டு வெச்சவன்னு நெனைக்கிறாங்க.

அப்புறம் காய வெக்கணும். நாப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல சூடு ஏறினா அது சமைச்ச கணக்குல சேர்ந்துரும்னு வர்ஷினி சொன்னா. இதைத் தாங்கள் நல்லா ஞாபகம் வெச்சுக்கணும், தீர்ப்புக்கு வேணும். வெள்ளைத் துணி விரிச்சு, கம்பெனியோட தகர ஷீட்டு மேல பரப்பினோம். திருப்பூர் சித்திரை வெயிலு. அந்த ஷீட்டு மேல பூனை நடக்கிறதைப் பாருங்க, நாலு காலையும் ஒரே நேரத்துல தூக்கப் பார்க்கும்.

ஞாயித்துக்கிழமை வந்தாங்க: மடத்துக்குளத்தார், அவர் சம்சாரம், பையன். அந்தம்மா அவரை விட்டு நகர்றதே இல்லை. போன வருசம் அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சதுல இருந்து எண்ணெய்னு எழுதிக் காட்டினாக்கூட பிடுங்கிக்குவாங்களாம். தங்கள் தங்கச்சி பஜ்ஜி போடட்டுங்களான்னு கேட்டா. "வேண்டாமுங்கம்மா, முடிவாகாம கை நனைக்கிறதில்லீங்க"ன்னாரு. உடனே வர்ஷினி தட்டோட வந்தா. "மாமா, இது சமைச்சதே இல்லீங்க. வெள்ளரிப்பிஞ்சு கடிக்கிற மாதிரிதானுங்க." அவரு தட்டைப் பார்த்தாரு, சம்சாரத்தைப் பார்த்தாரு, பையனைப் பார்த்தாரு. ஒண்ணை எடுத்து ஓரத்துல கடிச்சாரு. மெல்றாரு, மெல்றாரு, மெல்றாரு. எங்க தெருவுல வேற எந்தச் சத்தமும் இல்லை. "உடம்புக்கு நல்லதுங்க"ன்னு சொல்லிட்டு மீதியைக் கையிலயே வெச்சுக்கிட்டாரு. வர்ஷினி மொகம் விழுந்துபோச்சு.

மைதிலி சட்டுன்னு எந்திரிச்சு, "ஈ மொய்க்குதுங்க, மூடிக் கொண்டாறேன்"னு தட்டை உள்ள எடுத்துட்டுப் போயிட்டா. இவரும் கை கழுவறேன்னு பின்பக்கம் போனாரு. போனவரைக் காணோம். வாழை மரம் பார்க்கிறாராக்கும்னு நானும் பையன்கிட்ட நூல் விலையைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். பக்கத்து ஊட்டுல எதையோ வறுக்கிற வாசம் வேற. அவரு திரும்பி வந்தப்ப மொகம் தெளிவா இருந்துச்சு. தட்டும் வந்துச்சு. அப்பத் திங்க ஆரம்பிச்சாரு பாருங்க! சம்சாரம் கையைப் பிடிச்சாங்க. "பச்சைக் காய்தாண்டி, டாக்டரே சொன்னாரல்ல"ன்னு தட்டைக் காலி பண்ணிட்டாரு. நானும் ஒண்ணு தின்னேன். ஓரமெல்லாம் மொறுமொறுன்னு செவந்து இருந்துச்சு. வர்ஷினியும் கடிச்சுப் பார்த்துட்டு, "பாத்தீங்களாப்பா, கொஞ்ச நேரம் அப்படியே விட்டா பிளேவர் தானா டெவலப் ஆகும்"னா. எல்லாரும் சிரிச்சோம்.

திங்கக்கிழமை மடத்துக்குளத்தார்கிட்ட இருந்து போன் வருது. "தாராபுரத்துல ஒரு ஜாதகம் வந்திருக்குதுங்க. வெள்ளிக்கிழமை அதையும் பார்த்துட்டு வந்து சொல்றோமுங்க."

"ஏனுங்க, எங்க ஊட்டுல கை நனைச்சீங்களே?"

"அது பச்சைக் காய்ங்களே. உங்க புள்ளைதானுங்க சொல்லுச்சு. நெல்லி மரத்தடியில நாலு காயைப் பொறுக்கித் தின்னா தோட்டக்காரன் சம்பந்தி ஆயிருவானுங்களா?"

அப்ப இருந்து வர்ஷினி பச்சைக் காய்கூடச் சாப்பிடறதில்லை. ரூமுக்குள்ளயே இருக்கறா. தன் வாயால சொன்னதே தன் கல்யாணத்தைக் கெடுத்துருச்சேன்னு அழறா. புள்ளை அழுகறதைப் பார்க்க முடியலைங்க மச்சான். அதனாலதான் இந்தக் கடுதாசி. என் கட்சியைச் சொல்லிடறேன். அந்த வடை வெந்ததுதான். தகர ஷீட்டு, சித்திரை வெயிலு, நாப்பத்தஞ்சு டிகிரி எப்பவோ தாண்டியிருக்கும். அடுப்புக்கு நெருப்பு எங்க இருந்து வந்தா என்ன, மேல இருந்து வந்தா நெருப்பில்லையா? ஓரம் செவந்திருந்ததை நானே கண்ணால பார்த்தேன், வாயால தின்னேன். உப்பு வேற போட்டிருக்குது. ஆகவே மடத்துக்குளத்தார் கை நனைத்தவர், நனைத்தவரேதான். தாங்கள் பெரிய மனுசர், தாய்மாமன், தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தட்ட மாட்டார். சூரியன் சமைத்தது சமையல்தான் என்று அவருக்கு எடுத்துச் சொல்லித் தாராபுரத்துப் பயணத்தை நிறுத்தித் தர வேண்டும்.

தங்கள் கிணறு ஊறவும், தங்கள் காய்க்கு நல்ல விலை கிடைக்கவும், அக்காவின் முழங்கால் படி ஏறவும் பழனியாண்டவர் துணை நிற்கட்டும். எருமையை விசாரித்ததாகச் சொல்லவும். அதன் மேல் எங்களுக்குக் கோபம் ஏதும் இல்லை.

இப்படிக்கு,
ரோஸ் கையோடு,
சுப்பையன்.

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் தாங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். மூக்கையா டீ குடிக்கப் போன நேரத்தில் மைதிலி என் தோளுக்குப் பின்னால் நின்று முழுசும் படித்துவிட்டாள். "சூரியன் சமைச்சுதாக்கும்! வாணலியில கடலெண்ணெய் ஊத்தி நானுல்ல சமைச்சேன்" என்கிறாள். விருந்தாளிக்குப் பச்சையாய்க் கொடுக்க மனசு வரவில்லையாம். கை கழுவ வந்த மடத்துக்குளத்தார் சமையக்கட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முறுகலா எடுங்கம்மா" என்று சொல்லி, முதல் ஈட்டை அங்கேயே நின்று ஊதி ஊதித் தின்றாராம். நேற்று இவள் அவருக்குப் போன் போட்டு, "ஏனுங்கண்ணா, முறுகலாக் கேட்டது பச்சைக் காய்ங்களா? வேணும்னா உங்க ஊட்டு அண்ணிகிட்டக் கேட்டுக்கறேன்" என்றிருக்கிறாள். அந்தப் பக்கம் அவர் எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதாம். அப்புறம், வெள்ளிக்கிழமை தாராபுரம் போகவில்லை, வெத்தலைபாக்குத் தட்டோடு இங்கேதான் வருகிறோம் என்றாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க வாயில நிக்குமா? இந்தா, எழுதியாச்சே" என்கிறாள்.

நித்தீஷ் இப்போதுதான் போனில் சொன்னானாம், வர்ஷினி ரூமை விட்டு வெளியே வந்துவிட்டாள். அந்தப் பச்சை வடைதான் அவர் மனசை மாற்றியது என்று நம்புகிறாள். அவள் அப்படியே நம்பட்டும். வெள்ளிக்கிழமை வருகிற அத்தனை பேருக்கும் அதையே செய்யப்போகிறாளாம். ஆகையால் தாங்கள் தீர்ப்பை விட்டுவிட்டு, அக்காவோடு நேரில் வந்து சேரவும். நாளை மூக்கையா வண்டியில் சுரைக்காய் இன்னொரு மூட்டை வேண்டும். அதற்கு அடியில் ஒரு டின் கடலெண்ணெய். டின்மேல் பஞ்சகவ்யம் என்று பெரிசாய் எழுதி ஒட்டி விடுங்கள். மாட்டுச் சமாச்சாரம் என்றால் எங்கள் வீகன் அந்தப் பக்கமே வர மாட்டாள்.