ஒண்ணும் ஆகாதுக்காரர்

ஒரு பட்டறையில் ஒருத்தர் ஆசிட்டை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தே தரம் சொல்லிவிடுவாராம். சொன்னவர் பார்த்ததில்லை. அவருக்குச் சொன்னவரும் பார்த்ததில்லை. இருந்தும் எல்லோரும் நம்பினார்கள், ஆள் அப்படி.

'ஒண்ணும் ஆகாதுக்காரர்' என்ற இனத்தை நீங்கள் அறிவீர்கள். அவர்தான் நம்மவர், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் அந்தப் பட்டறையில் கிடங்குப் பொறுப்பாளர். முலாம் ஏறுமுன் துருவைத் தின்னக் கந்தக அமிலம் வேண்டும். பார்த்தால் தண்ணீர், தூக்கினால் எண்ணெயைவிடக் கனம், சர்க்கரையில் விட்டால் கரி. தோலுக்கும் அதே மரியாதைதான். இதையெல்லாம் ஒப்பிக்கும் நம்மவர், பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, கையுறையைச் சூடான டீ தம்ளர் பிடிக்க வைத்துக்கொண்டு, சல்லடையாகிப்போன கால்சட்டையோடு உலா வருவார். ஓட்டைகளைப் பற்றிக் கேட்டால்?

"எங்க வீட்டு வாஷிங் மெஷின் சரியில்ல."

சோதனைக்கூடத்துப் பெண் தலையில் அடித்துக்கொள்வாள். "அண்ணே, தண்ணியிலதான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். ஆசிட்ல தண்ணிய ஊத்தினா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும்!"

"ரெண்டும் போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதானேம்மா? ஒண்ணும் ஆகாது."

அன்று மதியம் அவர் பெருமையாக இன்னொன்று சொன்னார். வீட்டில் சிங்க் அடைத்துக்கொண்டதாம். காலையில்தான் இங்கிருந்து கொஞ்சம் ஆசிட் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாராம். சாயங்காலம் போய் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

"எதுல கொண்டு போனீங்க?"

"தண்ணி பாட்டில்லதான். குடமா தூக்கிட்டுப் போக முடியும்?"

"பேர் எழுதி ஒட்டினீங்களா?"

"என் பொண்டாட்டிக்குத் தெரியும்மா."

"அந்த பிளாஸ்டிக்கே தாங்காது அண்ணே! இங்க நாம எப்படி வச்சிருக்கோம்? அதுக்குன்னு உள்ள கேன், கீழ்த்தட்டு, அடியில தொட்டி, கதவுக்குப் பூட்டு. சரி, வீட்டுல இப்ப யாரு?"

"அவ வேலைக்குப் போயிருப்பா. மச்சினன் வந்திருக்கான், ஊர்லேர்ந்து. தூங்கிட்டிருப்பான்."

மச்சினனைப் பற்றி அவரே எத்தனையோ முறை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்க மாட்டான், பார்க்க மாட்டான். கண்ணில் பட்ட பாட்டிலை எடுத்து அண்ணாந்து கவிழ்த்துக்கொள்வான்.

தம்ளர் பிடித்த கை நின்றது. வாய் திறந்தது. வழக்கமாக வரும் அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.

"எங்கண்ணே வச்சீங்க?"

"அடுப்பு மேடையில..."

கையுறையை வீசிவிட்டுப் போனைத் தேடினார். மச்சினன் எண்ணுக்கு மணி போகிறது. தூங்குகிறானா? குளிக்கிறானா? எழுந்துவிட்டானா? எழுந்ததும் மனிதனுக்குத் தாகம் எடுக்குமே!

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டுக் கழிப்பறை மூலையில், பழைய ஜூஸ் பாட்டிலில் பாதியளவு நிற்கிறதே, அது என்ன? "எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்ல வாயெடுக்கிறீர்களா? வாருங்கள், வந்து அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டாம் முறையும் மணி போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் யாரும் எடுக்கவில்லை.